கறிவேப்பிலைச் செடியில் ஒரு சம்பந்தி

ஆகஸ்ட் 4, திங்கள்

மெடிக்கல் ரெப் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மாத்திரை விளம்பரம். ஜனவரியிலிருந்து வெறும் பக்கமாகவே கிடக்கிறது. கோவில்பட்டியில் என்றால் இந்நேரம் மருந்து ஆர்டர் எழுதியே தீர்த்திருப்பேன். இங்கே எழுத என்ன இருக்கிறது என்று மூடி வைத்திருந்தேன். இன்று வந்த கோபத்தில் திறந்துவிட்டேன்.

காலையில் இவர் பின்வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டார். "செண்பகம், நம்ம கறிவேப்பிலையப் புழு தின்னுது பாரு. மருந்து வாங்கி அடிக்கணும்."

நம்ம கறிவேப்பிலையாம். இந்த வீட்டில் ஜன்னல், சோபா, சுவரின் நிறம் எல்லாம் இவர் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. நான் ஆசைப்பட்டு வைத்தது இந்தச் செடி ஒன்றுதான். குடிவந்த வாரமே நர்சரியில் வாங்கி, நானே குழி தோண்டி நட்டேன். இவரோ, கல்யாணமான நாளிலிருந்து ரசத்தில் கிடக்கிற ஒவ்வொரு கறிவேப்பிலையையும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற மனிதர். ஒரு இலையாவது மென்றது உண்டா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

போய்ப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு இலை அரித்திருந்தது, அவ்வளவுதான். பக்கத்து இலையில் குருவி எச்சம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. துடைக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். எச்சம் நகர்ந்தது.

அங்கேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அதற்கும் எனக்குத்தான் திட்டு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

போனில் படம் எடுத்து மெர்சிக்கு அனுப்பினேன். மெர்சி என் கடையில் வேலை பார்க்கிறவள். என் கடை என்றால் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற செண்பகா மெடிக்கல்ஸ். நான் மருந்தாளுநர் படிப்புப் படித்து, என் பெயரில் லைசென்ஸ் வாங்கி நடத்திய கடை. போன வருடம் இவர் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றதும், கோயம்புத்தூரில் மலை தெரிகிற இடமாகப் பார்த்து இந்த வீட்டை வாங்கினார். "அவளும் எத்தன வருசந்தான் மாத்திரைய எண்ணிக்கிட்டுக் கெடப்பா, அவளுக்கும் ஓய்வு வேணும்ல" என்று எல்லோரிடமும் சொன்னார். என்னைத் தவிர எல்லோரிடமும். சரி என்று வந்துவிட்டேன். கடையில் சம்பளத்துக்கு ஒரு மருந்தாளுநரை அமர்த்தியிருக்கிறேன். மற்றதை மெர்சி பார்த்துக்கொள்கிறாள். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

மெர்சி உடனே போன் செய்தாள். "என்னக்கா, காலங்காத்தால பறவ பீயப் போட்டோ புடிச்சு அனுப்புதீங்க?"

"அது பீ இல்லட்டி, புழு. பறவ தின்னுறக் கூடாதுன்னு வேஷம் போட்டிருக்கு."

"சரிக்கா, இத எதுக்கு எனக்கு அனுப்புதீங்க?"

"வேற யாருக்கு அனுப்ப?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கடையில் ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

நான் படம் எடுத்ததை இவர் எட்டிப் பார்த்தார். இவர் இப்போது ஊரறிந்த போட்டோகிராபர். பீரோவில் என் புடவைகள் இருந்த தட்டில் லென்ஸ்கள் இருக்கின்றன. ஞாயிறு தோறும் போட்டோ கிளப் ஆட்களோடு தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். "போன்ல எடுக்கறதெல்லாம் போட்டோ இல்ல செண்பகம். பின்னணி இல்ல, வெளிச்சம் இல்ல" என்றார். அந்தப் புழுவுக்குப் பின்னணி எதற்கு என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று இரண்டு பேரோடு சண்டை.

முதலாவது, அடுத்த வீட்டுப் பூங்கோதை. நல்ல பெண்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் மருந்தடிக்க வேண்டும் அவளுக்கு. "ஏனுங்கக்கா, உங்க செடீல புழு வந்துருக்குதுங்களாமா. சார் சொன்னாருங்க. எங்க தோட்டத்துக்கு மருந்தடிக்கற ஆளு வந்திருக்கறாரு. அப்படியே அடிச்சுடச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே அந்த ஆளை எங்கள் வாசலுக்குள் விட்டுவிட்டாள். முதுகில் டேங்கோடு வந்து நிற்கிறார் அவர்.

செடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "நாளைக்குக் காலைல இந்த இலையக் கிள்ளித்தான் சட்னிக்குத் தாளிப்பேன். இதுல விஷத்த அடிச்சா யாரு திங்க?" என்று கேட்டேன். அந்த ஆள் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பூங்கோதைக்கு முகம் சுருங்கிவிட்டது. மருந்துக்கடை நடத்தினவளிடம் வந்து மருந்தைப் பற்றிப் பேசினால் வேறு என்ன நடக்கும்? எந்த மருந்து யாருக்கு, எவ்வளவு என்று பார்க்காமல் நான் ஒரு வில்லையைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை.

இரண்டாவது சண்டை போனில். சம்பளத்துக்கு இருக்கிற மருந்தாளுநர் செப்டம்பர் பாதியோடு நின்றுவிடுகிறாராம். சொந்த ஊரில் கடை போடுகிறாராம். மெர்சி மெதுவாகத்தான் சொன்னாள். "மருந்தாளுநர் இல்லாமக் கடையத் தொறக்கக் கூடாதுல்லக்கா. பக்கத்து மொபைல் கடைக்காரரு நம்ம இடத்த வேற கேக்காரு. நீங்க வருதீங்களா, இல்ல கடையக் குடுத்துரலாமா? ஒரு முடிவச் சொல்லிட்டா நானும் வேற வேல பாத்துக்கிடுவேன்."

"அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு" என்று சத்தம் போட்டுவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

ராத்திரி இவரிடம் சொன்னேன். லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "விட்டுத் தொலை, அதான் இங்க நிம்மதியா இருக்கோம்ல" என்றார். இருக்கோமாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

புழு தோலை உரித்தது. உரித்துப் போட்ட தோலைத் திரும்பி நின்று அதுவே தின்றுவிட்டது. ஒரு துணுக்குக்கூட வீணாக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டே கிட்டே போனபோது போன் அதன் மேல் லேசாகப் பட்டுவிட்டது. உடனே தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டியது. கூடவே அழுகின எலுமிச்சை மாதிரி ஒரு நாற்றம்.

மெர்சிக்கு அனுப்பினேன். "நாள் பூராத் தின்னுக்கிட்டே இருக்கு. லேசாத் தொட்டாப் போதும், கொம்ப நீட்டுது."

"அப்ப சம்பந்தி வீட்டு ஆளுதான்க்கா" என்றாள்.

அன்றிலிருந்து என்று எழுத வந்தேன். இன்றிலிருந்து அதன் பெயர் சம்பந்தி.

ஆகஸ்ட் 13, புதன்

சம்பந்தி தின்கிறார். எனக்குத்தான் பசி சரியாக எடுக்கவில்லை. சிறுவாணித் தண்ணீர் அமிர்தம் என்கிறார்கள். எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் கொடியேற்றம். குடியிருப்புச் சங்கத் தலைவர் சுதந்திரத்தைப் பற்றி வெகுநேரம் பேசினார். ஜாக்கெட் தோளை விட்டு நழுவிக்கொண்டே இருந்தது. தைத்தபோது சரியாக இருந்ததுதான். தையல்காரன் மேல்தான் தப்பு, நூல் விட்டுப்போயிருக்கும்.

திரும்பி வந்து பார்த்தால் சம்பந்தி வேஷத்தைக் கலைத்திருந்தார். எச்சம் போயே போய்விட்டது. பச்சைப் பசேல் என்று, சுண்டுவிரல் பருமனில், கழுத்துப் பக்கம் கண் வரைந்த மாதிரி இரண்டு புள்ளி. பார்த்தால் குட்டிப் பாம்பு. பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். பச்சை இலையில் பச்சைப் புழு, போனில் எங்கே இருக்கிறது என்று தேடத்தான் வேண்டும். அதுதானே அதற்கு வேண்டியது. யார் கண்ணிலும் படாமல் தின்ன வேண்டும்.

இவரும் வந்து பார்த்தார். முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார். "ஏ, நல்ல சப்ஜெக்ட்டா இருக்கே" என்றார். நான் பத்து நாளாகச் சொல்கிறேன், காதில் விழவில்லை. இன்றைக்கு சப்ஜெக்ட் ஆகிவிட்டது. அடுத்த மாதம் கிளப்பின் ஆண்டுக் கண்காட்சி இருக்கிறதாம். 'இயற்கைச் சூழலில் உயிர்கள்' என்று ஒரு பிரிவாம். "ஆனா பச்ச மேல பச்ச எடுபடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

நெட்டில் படித்துப் பார்த்தேன். இனிமேல்தான் அது பலமாகத் தின்னுமாம். ஒரு வாரம் தின்று தீர்த்துவிட்டு, தின்பதை நிறுத்தி, வேறு இடம் தேடி நடந்து போய்க் கூடு கட்டுமாம். அது பட்டாம்பூச்சியாகிப் போகிறதைப் பார்த்துவிட வேண்டும். இந்த ஊரில் நான் பார்க்க ஆசைப்படுகிற ஒரே விஷயம் அதுதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூங்கோதை சமாதானத்துக்கு வந்து மருதமலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போயிருக்கக் கூடாது. வந்து பார்த்தால் சம்பந்தியைக் காணோம்.

ஒவ்வொரு கிளையாகப் பார்த்தேன். இலைக்கு அடியில் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு, குழாயடி, துணி காயப்போடுகிற கம்பி எல்லாம் பார்த்தேன். கூடு கட்டப் போயிருக்கும் போல. ஆனால் பச்சையாகி இரண்டே நாள்தான் ஆகிறது. இன்னும் ஒரு வாரம் தின்ன வேண்டுமே. புத்தகத்தில் ஒன்று போட்டிருப்பார்கள், அது ஒன்று செய்யும். மனுஷர்கள் மட்டும் என்ன, புத்தகத்தில் போட்டிருக்கிறபடியா இருக்கிறார்கள்.

பிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்று. உள்ளே கறுப்பாக நாலைந்து உருண்டை, மிளகை விடப் பெரிசு. எந்தச் சாமானைப் போட்டு வைத்தேன் என்று ஞாபகம் இல்லை. கழுவிக் கவிழ்த்தேன்.

இவர் கிளப் ஆட்களோடு டிபன் சாப்பிட்டுவிட்டு வந்தார். ரொம்ப சந்தோஷமாக இருந்தார். சம்பந்தியைக் காணோம் என்று சொன்னேன். "எங்கயாச்சும் போயிருக்கும்" என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையும் மாலையும் தேடினேன். மெர்சி கேட்டாள், "சம்பந்தி சாப்ட்டாச்சாக்கா?" கூடு கட்டப் போயிட்டாரு என்றேன். "அப்ப மொய்யக் கொண்டாங்க" என்றாள். சிரித்தோம். பிறகு கடை விஷயம் கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

எழுதாமல் விட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

மத்தியானம் இவர் கம்ப்யூட்டரில் படங்களைச் சரி செய்துகொண்டிருந்தார். காப்பி கொண்டுபோனேன். திரை முழுக்கச் செக்கச் செவேலென்று செம்பருத்திப் பூ. பூவிதழின் மேல், கண்ணைப் பறிக்கிற பச்சையில், சம்பந்தி.

"இது எப்ப எடுத்தீங்க?"

"ஞாயித்துக்கெழம. எப்படி இருக்கு? பாக்க நல்லாருக்குல்ல?"

"இது செம்பருத்தி."

"ஆமா, நம்ம முன்வாசல்ல உள்ளதுதான். பச்ச மேல பச்ச எடுபடாதுன்னு சொன்னேன்ல. சிவப்புல வெச்சவொடன பளிச்சுனு எந்திரிச்சு வருது பாரு."

"அது எப்படி அசையாம இருந்துச்சு?"

காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு சொன்னார். "பத்து நிமிசம் பிரிட்ஜுல வெச்சு எடுத்தா அப்படியே நிக்கும். அதுக்கு வலிக்காது. கிளப்புல எல்லாரும் செய்யறதுதான்."

இட்லி மாவுக்குப் பக்கத்தில். நான் கழுவிக் கவிழ்த்த டப்பாவில். அந்தக் கறுப்பு உருண்டைகள் பயத்தில் அது போட்டவை.

"அப்புறம் எங்க விட்டீங்க?"

"எடுத்துக் கறிவேப்பிலைல விடணும்னுதான் இருந்தேன். கிளப்புல உள்ள ஆடிட்டர் டிபனுக்குக் கூப்பிட்டாரு. மறந்துட்டேன். அதுக்கென்ன, அதுவும் செடிதானே?"

அதுவும் செடிதானே. நாலு பேருக்குக் கணக்குச் சொல்லித் தந்த மேனேஜர். இந்தப் புழு கறிவேப்பிலை தின்னும், எலுமிச்சை தின்னும், நார்த்தை தின்னும். செத்தாலும் செம்பருத்தி தின்னாது. சர்க்கரை நோயாளியிடம் ரத்தக் கொதிப்பு மாத்திரையை நீட்டி, அதுவும் மாத்திரைதானே என்று சொன்னால் நான் கடை நடத்தியிருக்க முடியுமா? மூன்று நாள் வீடெல்லாம் தேடினேன், இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாயைத் திறக்கவில்லை.

முன்வாசலுக்கு ஓடினேன். தண்டின் அடியில், பூவிலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழே இறங்கப் பார்த்த நிலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுருங்கி, பாதி கறுத்து. எறும்பு மொய்த்திருந்தது. மேலே ஒரு செம்பருத்தி இலையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கடி. ஒரே ஒரு கடி. கடித்துப் பார்த்திருக்கிறது. பிறகு வேண்டாம் என்று விட்டிருக்கிறது.

அந்த இலையைப் படம் எடுத்தேன். பிறகு படியில் உட்கார்ந்து அழுதேன். இவர் வந்து பார்த்துவிட்டு, "ஒரு புழுவுக்குப் போயி" என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இவரோடு பேசவில்லை. ரசத்தில் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை கூடவே போட்டேன். உட்கார்ந்து பொறுமையாக ஒவ்வொன்றாக ஒதுக்கினார்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன். ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை.

செம்பருத்திப் படம் போட்டிக்குத் தேர்வாகிவிட்டதாம். "இயற்கையின் மடியில்" என்று பெயர் வைத்திருக்கிறாராம். யார் மடி, எந்த இயற்கை? பிரிட்ஜின் மடியில் என்று வைத்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

மெர்சி வீடியோவில் வந்தாள். முதலில் என்னைப் பார்த்து, "என்னக்கா இப்படி மெலிஞ்சுட்டீங்க" என்றாள். போன் அப்படிக் காட்டுகிறது என்றேன். கடை ஷட்டரைக் காட்டினாள், கண்ணாடி அலமாரியைக் காட்டினாள், என் ஸ்டூலைக் காட்டினாள். ஸ்டூலில் யாரும் உட்காருவதில்லையாம். "எதுக்கு அதெல்லாம் காட்டுத" என்று கோபப்பட்டேன். "பத்தாம் தேதிக்குள்ள சொல்லிருங்கக்கா" என்றாள்.

செப்டம்பர் 3, புதன்

முதல் பரிசாம். இவர் போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் குழந்தை மாதிரி நடந்தார். சந்தோஷத்தில் எனக்குப் பட்டுப்புடவை எடுத்து வந்தார். செம்பருத்திச் சிவப்பு. வேண்டுமென்று செய்தாரா, தெரியாமல் செய்தாரா, கேட்கவில்லை.

கிளப்பில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். பரிசு வாங்குகிறவரின் மனைவியையும் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுவார்களாம். ஒத்துழைத்ததற்காக. நான் எப்போது ஒத்துழைத்தேன்? நான் மருதமலைக்குப் போயிருந்தேன், அதுதான் என் ஒத்துழைப்பு.

வாயைத் திறக்கப்போவதில்லை. போட்டதை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். இத்தனை வருடக் குடும்பம். நாலு பேர் முன்னால் இவர் தலை குனிந்தால் எனக்கு மட்டும் நன்றாகவா இருக்கும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஏசி மண்டபம். வாசலிலேயே ஆள் உயரத்துக்குச் சம்பந்தி. எல்லோரும் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள்.

இவர் பரிசு வாங்கிவிட்டுப் பேசினார். நன்றாகத்தான் பேசினார், வங்கியில் பேசிப் பழகின வாய். "இயற்கையை நாம் தொந்தரவு செய்யக் கூடாது. பொறுமைதான் முக்கியம். இந்த ஒரு படத்துக்காக மூன்று மணி நேரம் அசையாமல் காத்திருந்தேன்" என்றார். கை தட்டினார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அப்போதுகூட நான் பேசுவதாக இல்லை. சத்தியமாக இல்லை.

கிளப் தலைவர் ஆடிட்டர் சுந்தரவரதன் எனக்குச் சால்வை போட்டார். போட்டுவிட்டுச் சும்மா அனுப்பியிருக்கலாம். மைக்கை என் கையில் கொடுத்தார். "மேடம், சார் அந்தப் புழுவுக்காகக் காத்திருந்த கதைய உங்க வாயால கேக்கணும்னு எல்லாருக்கும் ஆசை. ரெண்டு வார்த்த சொல்லுங்க."

கதை கேட்டால் கதையைத்தானே சொல்ல முடியும்.

"படம் பாக்க நல்லாத்தான் இருக்கு" என்று ஆரம்பித்தேன். "ஆனா இந்தப் புழு செம்பருத்தி தின்னாது. எங்க வீட்டுப் பின்வாசல் கறிவேப்பிலைல இருந்துச்சு. அசையாம இருக்கணும்னு பிரிட்ஜுல வெச்சாங்க. பளிச்சுனு தெரியணும்னு செம்பருத்தில விட்டாங்க. திரும்ப எடுத்து விட மறந்துட்டாங்க. ஒரு இலைய ஒரு கடி கடிச்சுப் பாத்திருக்கு. பட்டினி கெடந்து செத்துப்போச்சு. காத்திருந்தது இவங்க இல்ல. அதுதான் காத்திருந்துச்சு."

பின்வரிசையில் ஒருவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அப்புறம் அவரும் நிறுத்திவிட்டார். முன்வரிசையில் தொப்பி போட்ட இரண்டு மூன்று பேர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டு பிரிட்ஜிலும் டப்பா இருக்கும் போல. தலைவர் மைக்கை வாங்கி, "மேடம் சொன்னத கமிட்டி பாக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பரிசுக்குப் போய்விட்டார்.

கார் வடவள்ளி தாண்டியதும் இவர் ஆரம்பித்தார். "ஒரு புழுவுக்காக ஊர் முன்னால என் மானத்த வாங்கிட்ட."

நான் சால்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு என்னதான் குறை வெச்சேன்? மலை இருக்கு, காத்து இருக்கு, அரண்மன மாதிரி வீடு இருக்கு. பாக்குறவன் எல்லாம் கொடுத்து வெச்சவங்கறான் உன்ன."

"பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

இவர் சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தார். சிக்னலில் பச்சை விழுந்து பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் மெர்சிக்குப் போன் செய்தேன். "இடத்தக் கேட்டவர்கிட்ட இல்லன்னு சொல்லிரு. நாளைக்கு வருதேன்" என்றேன். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

பெட்டி அடுக்கும்போது இவர் கதவருகே வந்து நின்றார். என்ன கேட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? "அப்ப எனக்குச் சாப்பாடு?" என்று கேட்டார். முதல் கேள்வியே அதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆத்திரத்தில் வருகிற சிரிப்பு. "மாவு பிரிட்ஜுல இருக்கு. பக்கத்துல வேற எதையும் வெக்காதீங்க" என்றேன்.

"எத்தன நாளைக்குப் போற?"

"தெரியல."

அதுதான் உண்மை, அதனால் அதைச் சொன்னேன். கறிவேப்பிலைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மருந்தடிக்கிற ஆளை உள்ளே விடக் கூடாது என்றேன். சிவப்புப் பட்டுப்புடவையை பீரோவிலேயே வைத்துவிட்டேன், லென்ஸ்களுக்குப் பக்கத்தில்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 20, சனி

பத்து நாளாக டைரியைத் தொட நேரமில்லை. கடைக்கு மேலே உள்ள அறையில் இருக்கிறேன். வெயில் கொளுத்துகிறது, மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வருகிறது, எதிரே பஸ் புகை. மெர்சியின் வீட்டுக் குழம்பை இன்று இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கமிட்டி பார்த்துவிட்டதாம். பரிசைத் திரும்ப வாங்கவில்லை. அந்தப் பிரிவின் பெயரை மட்டும் அடுத்த வருடத்திலிருந்து மாற்றுகிறார்களாம். இதுதான் இவர்கள் நியாயம். பூங்கோதை சொன்னாள். இவர் போன ஞாயிறு கிளப் பக்கமே போகவில்லை என்பதையும் அவள்தான் சொன்னாள்.

மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். ஒரு அம்மா காய்ச்சலுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் ஊசி மருந்து கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நானும் விடவில்லை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. இவர்.

"கறிவேப்பிலைல இன்னொண்ணு வந்திருக்கு" என்றார். "குருவி எச்சம் மாதிரி இருக்கு. மூணு நாளாப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சண்டை போட்ட அம்மாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினேன்.

"நான் தொடல, செண்பகம்" என்றார். மறுபடியும் சொன்னார். "தொடவே இல்ல."

"ஆள் நிக்காங்க, வைக்கிறேன்" என்றேன்.

கூட்டம் குறைந்ததும் போனைப் பார்த்தேன். படம் ஒன்று அனுப்பியிருந்தார். கேமராவில் எடுத்தது இல்லை, போனில் எடுத்தது. ஒரே கலங்கல். பீரோ நிறைய லென்ஸ் வைத்திருக்கிற மனிதர், ஒரு புழுவை நேராகப் பிடிக்கத் தெரியவில்லை. பின்னணி இல்லை, வெளிச்சம் இல்லை, பாதிப் படத்தை இவர் விரலே மறைத்துக்கொண்டிருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்து, பெரிதாக்கிப் பார்த்தேன். இலை கறிவேப்பிலைதான்.